ஞாயிற்றுக்கிழமை வெயில்

அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர். கையில் சாவியோடு நான். ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்த என் மனைவி. அரியாங்குப்பத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருந்த அக்கா. அந்த ஆட்டோவின் டிரைவர். அக்கா நீட்டிய ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். தோளில் கறுப்புப் பையோடு சோலார் கம்பெனி மெக்கானிக். வேறு யாரும் இல்லை. எதிர் வீட்டு நாய் இருந்தது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இவ்வளவு சரியாக எதற்குச் சொல்கிறேன் என்றால், நடந்ததை இத்தனை பேரும் பார்த்தார்கள். நாளைக்கு யாராவது கேட்டால் நான் பொய் சொன்னதாக ஆகிவிடக் கூடாது. இதுவரை யாரும் கேட்கவில்லை. நான்தான் தயாராக வைத்திருக்கிறேன்.

தீபாவளி முடிந்து, மழை இன்னும் பிடிக்காத ஒரு புதன்கிழமை. பகல் பன்னிரண்டரை. நல்ல வெயில்.

எங்கள் வீடு வைத்திக்குப்பத்துக்குப் போகிற சந்து ஒன்றில் இருக்கிறது. அப்பா கட்டியது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, மேலே மொட்டை மாடி. நான் ஒரு டைல்ஸ் கடையின் குடோனில் வேலை பார்க்கிறேன். இருவரும் காலை ஏழரைக்குக் கிளம்பினால் திரும்பி வர ஏழு ஆகிவிடும். மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். அதனால் பகலில் வீட்டில் ஆள் கிடையாது. ஞாயிறு ஒரு நாள்தான் இருவரும் வீட்டில் இருப்போம்.

கிளம்பும்போது நான் பார்க்கிற காரியங்களுக்கு ஒரு வரிசை உண்டு. கேஸ் சிலிண்டர், பின்கதவுத் தாழ்ப்பாள், குழாய், கடைசியில் மெயின். மெயின் என்றால் வாசற்கதவுக்கு உள்பக்கம், கை எட்டும் உயரத்தில் சுவரில் இருக்கும் இரும்புப் பெட்டி. கைப்பிடியைக் கீழே இழுத்தால் டக்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் கதவைப் பூட்டுவேன். பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போன பிறகு, கேட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்துவிடும். திரும்பி வந்து, திறந்து, பார்த்து, மறுபடி பூட்டுவேன். மனைவி நிற்க மாட்டாள். "அணைச்சிட்டீங்க, நான் பார்த்தேன், வாங்க" என்று சொல்லிக்கொண்டே நடந்துகொண்டிருப்பாள். அவள் பார்த்தது எனக்குப் போதாது.

வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போது மெயினை அணைப்பது எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் உள்ள பழக்கம்தான். நான் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. அப்படியென்றால் ஃப்ரிட்ஜில் வைத்தது கெட்டுப்போகாதா என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜே எப்போதோ கெட்டுப்போய்விட்டது. மீன் அன்றன்றைக்கு வாங்கி அன்றைக்கே தின்று தீர்ப்பது. அந்த ஃப்ரிட்ஜுக்குள் ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திர நகல், கரண்ட் பில் எல்லாம் வைத்திருக்கிறோம். கரையான் ஏறாது.

ஏழாவதோடு நான் படிப்பை நிறுத்திவிட்டேன். அப்பா மில்லில் இருந்ததால் எனக்கும் பிறகு அங்கேயே வேலை கிடைத்தது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பஞ்சு குடோனில் தீப்பிடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பஞ்சுதான் போனது. ஏதோ ஒரு சுவிட்சை அணைக்காமல் விட்டதால் வந்த தீ என்றார்கள். குடோனிலிருந்து கடைசியாக வெளியே வந்தவன் நான். அணைத்தேனா என்று எனக்கு நினைவில்லை. யாரும் என்னைச் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. பிறகு மில்லையே மூடிவிட்டார்கள், அதற்குக் காரணம் வேறு. ஆனால் அன்று முதல் எங்கே வேலை பார்த்தாலும், எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும், என் கை மெயினுக்குப் போய்விடும்.

இனி சோலார் வந்த கதை.

கர்ப்பப்பை எடுத்த பிறகு என் மனைவிக்கு உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. பகல் முழுவதும் அவள் செய்வது ஆஸ்பத்திரிப் போர்வைகளை ஆவியில் வேகவைக்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், படுக்க மாட்டாள். தவணையில் ஓர் ஏசி வாங்கினோம். அவள் தூங்கினாள். அறுநூறு, எழுநூறு என்று வந்துகொண்டிருந்த பில் இரண்டாயிரத்து எழுநூறு வந்தது. அதன் பிறகு நான் தூங்கவில்லை.

எதிர்ச் சாரியில் ஒரு வீட்டைச் சொல்தா வீடு என்பார்கள். முன்காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கியவரின் வீடு. இப்போது அங்கே சொல்தா யாரும் இல்லை, பேரன் செல்போன் கடை வைத்திருக்கிறான், பெயர் மட்டும் நின்றுவிட்டது. அந்த மாடியில்தான் எங்கள் தெருவின் முதல் சோலார் பேனல் ஏறியது. அதை மாட்டிய கம்பெனியின் ஏஜென்ட் அப்படியே தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால் நாங்கள் இருந்தோம்.

"பகல்ல வீட்ல ஆளே இல்லியா? அப்ப உங்களுக்குத்தாங்க இது" என்றார். "நீங்க ஒரு பக்கம் வேலைக்குப் போவீங்க, உங்க மாடி ஒரு பக்கம் வேலைக்குப் போகும். பகல்ல உண்டாகிற கரண்டு அத்தனையும் தெருவுக்குப் போயி உங்க பேர்ல வரவா நிக்கும். ராத்திரி நீங்க ஏசி போடறதுக்கு அதுல கழிச்சிக்குவாங்க. பில்லே வராது."

"வீட்ல யாரும் இல்லாதப்ப அது தீப்பிடிச்சுதுன்னா?" என்றேன்.

"வெயில்ல கெடக்கிற கண்ணாடிங்க அது. அது எங்க தீப்பிடிக்கப் போவுது?"

என் மனைவி அவருக்கு டீ கொடுத்தாள். அப்போதே முடிவாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

ஒன்றரை லட்சம். மானியம் அறுபதாயிரம் வரும், ஆனால் மாட்டி முடித்த பிறகுதான் வரும். முதலில் முழுப் பணத்தையும் நாங்கள் வைக்க வேண்டும். எங்களிடம் முப்பதாயிரம் இருந்தது. மிச்சத்துக்கு அக்கா தன் நான்கு சவரன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவள் வீட்டுக்குப் போய், விஷயத்தைச் சொல்லிவிட்டு, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். அது கேட்டது போலத்தான்.

"வெயிலை வட்டிக்கு உடப் போறான் என் தம்பி" என்று அக்கா சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "தையில பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கு. அதுக்குள்ள மூட்டுக் குடுத்துடுடா. இது அவ கழுத்துல போடறதுக்குன்னு சேர்த்தது. மாப்ள வீட்ல நாலு சவரன் சங்கிலின்னு சொல்லியாச்சு."

அக்காவுக்கு வீட்டுக்காரர் இல்லை. சோப்புக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை பார்த்து அந்தப் பெண்ணை வளர்த்தவள். சங்கிலியைப் பேங்கில் வைத்து ஒரு லட்சத்து இருபதாயிரம் வாங்கினேன். கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. மானியம் வந்ததும் பாதிக் கடன் போய்விடும். மிச்சம் அறுபதாயிரத்துக்கு, இனிமேல் கட்ட வேண்டியிராத கரண்ட் பில் மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு, என் சம்பளத்தில் எடுத்து வைப்பது இரண்டாயிரத்து ஐந்நூறு. தீபாவளி போனஸைச் சேர்த்தால் தைக்குள் சங்கிலி வந்துவிடும். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

மாசியில் பேனல் ஏறியது. நான்கு பேனல், தெற்கே பார்த்துச் சாய்த்து மாட்டினார்கள். கீழே, மெயின் பெட்டிக்குப் பக்கத்தில், இன்வெர்ட்டர் என்று ஒரு சாம்பல் நிறப் பெட்டி. போகிறதையும் வருகிறதையும் இரண்டையும் எழுதுகிற புது மீட்டர் வாசலுக்கு வெளியே. அன்றைக்கு நான் லீவு போட்டிருந்தேன். சாம்பல் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மெக்கானிக் என்னிடம் எல்லாவற்றையும் விளக்கினான். சின்ன வயசு, பொறுமையாகத்தான் சொன்னான்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்குங்கண்ணா. கரண்டு போச்சுன்னா இதுவும் நின்னுடும். ரிப்பேர்னு நெனச்சிப் பயந்துக்காதீங்க. லைன்மேன் கம்பத்து மேல ஏறியிருப்பான், அந்த நேரத்துல உங்க மாடியிலேருந்து கரண்டு போனா அவனுக்கு ஷாக் அடிச்சிடும். அதுக்காக அதுவே நின்னுக்கும். கரண்டு வந்ததும் தானா எந்திரிச்சிக்கும்."

இதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. எவனோ ஒரு லைன்மேனைப் பற்றி அந்தப் பெட்டி கவலைப்படுகிறது என்பதே எனக்குப் பிடித்திருந்தது.

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. கரண்டு போனால் நின்றுவிடும். ஆனால் எங்கள் பேச்சில் கரண்டு போவது என்றால் தெருவில் போவது. மழை, காற்று, டிரான்ஸ்பார்மர், அதெல்லாம். எதிர் வீட்டிலும் போய்விட்டதா என்று எட்டிப் பார்ப்போம். நானாக மெயினை இழுத்து அணைப்பதைக் கரண்டு போவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பெயர் மெயினை அணைப்பது. மெயின் என்பது கரண்டு உள்ளே வருகிற கதவு என்று நினைத்திருந்தேன். மாடியில் உண்டாவது வெளியே போவதற்கும் அதே கதவுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரும்புப் பெட்டிக்குள் இருக்கிற ஒரு கைப்பிடிக்குத் தெருவும் நானும் ஒன்றுதான் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றியிருக்காது.

மறுநாள் காலை ஏழரைக்கு சிலிண்டர், தாழ்ப்பாள், குழாய், மெயின். டக். பூட்டிக்கொண்டு போனோம். முன்பைவிடக் கவனமாக அணைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். மாடியில் இப்போது ஒன்றரை லட்சம் இருந்தது.

முதல் பில் இரண்டாயிரத்து நானூறு. முதல் மாதம் அப்படித்தான் இருக்கும் என்றாள் மனைவி. அடுத்த பில் இரண்டாயிரத்து அறுநூறு, அது கோடை. பில்லில் போனது, வந்தது என்று இரண்டு கட்டம். எனக்கு எண்கள் தெரியும், எந்த எண் எதற்கு என்றுதான் தெரியாது. மீட்டர் எழுத வந்தவரிடம் மனைவி ஒரு தடவை கடைக்குப் போகிற வழியில் கேட்டாள். "வெளிய போனது கொஞ்சந்தாம்மா இருக்கு" என்றாராம். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எங்களுக்கு விளங்கியிருக்காது.

கம்பெனிக்குப் போன் செய்தேன். ஏஜென்ட் எடுக்கவில்லை. மெக்கானிக் எடுத்தான், ஆள் இருக்கும்போதுதான் வர முடியும் என்றான். ஞாயிற்றுக்கிழமை வந்தான். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாடியில் ஏறிப் பார்த்தான், ஒயரைப் பிடித்துப் பார்த்தான்.

"சூப்பரா ஓடுதுண்ணா" என்றான். சாம்பல் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினான். "மொத்தம் உண்டானது மட்டும் கம்மியா காட்டுது. கடல் பக்கத்துல வீடு, உப்புக் காத்து. கண்ணாடியில உப்புப் படிஞ்சிருக்கும். தொடச்சி விடுங்க. உங்க வீட்ல வைஃபை இருந்தா போன்லயே டெய்லி எவ்ளோன்னு பார்த்துடலாம்."

வைஃபை எங்கள் வீட்டில் இல்லை. துணி இருந்தது. மறுநாளிலிருந்து காலை ஐந்தரைக்கு மாடிக்கு ஏறி, நான்கு பேனலையும் நல்ல தண்ணீரில் துடைத்தேன். காக்கை எச்சத்தை நகத்தால் சுரண்டாமல் ஊறவைத்து எடுத்தேன். சூரியன் கடல் பக்கமிருந்து வந்து முதல் பேனலில் விழுவதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்குவேன். குளித்து, சாப்பிட்டு, மெயினை அணைத்துவிட்டு வேலைக்குப் போவேன். ஆறு மாதம் இப்படிச் செய்தேன். சொல்தா வீட்டுப் பேரன் தன் மாடியிலிருந்து ஒருநாள், "அண்ணா, நம்மளதையும் அப்படியே ஒரு கை பாருங்க" என்றான்.

அவன் மாடியைத் துடைப்பதே இல்லை. அவனுக்குப் பில் வருவதில்லை. இதை வைத்தாவது நான் யோசித்திருக்கலாம். அவன் வீட்டில் எப்போதும் ஆள் உண்டு, மெயினை அணைக்க வேண்டிய வேலையே இல்லை.

மறுபடி போன் செய்தேன். மறுபடி ஞாயிற்றுக்கிழமை. மறுபடி பச்சை விளக்கு. மாலையில் நாங்கள் வேலையிலிருந்து வரும்போது இருட்டியிருக்கும், அப்போது பெட்டி அணைந்துதான் இருக்கும், அது இயற்கை. காலையில் கிளம்பும் வரை விளக்கு எரியும். ஞாயிற்றுக்கிழமை நாள் முழுவதும் எரியும். நாங்கள் பார்த்த நேரத்திலெல்லாம் அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. நாங்கள் பார்க்காதபோது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு வழியில்லை. ஒழுங்காக இருப்பவனைப் பற்றிப் புகார் சொன்னது போல எனக்கு ஒரு கூச்சம். "மீட்டர்தான் கோளாறுபோல, எழுதிக் குடுங்க" என்றான் மெக்கானிக். கரண்ட் ஆபீசில் எழுதிக் கொடுப்பதென்றால் எனக்குப் பயம். அவர்கள் ஏதாவது கேட்பார்கள். நான் ஏதாவது சொல்லி, அது தப்பாகிவிடும். எழுதிக் கொடுக்கவில்லை.

மானியம் வைகாசியில் வந்தது. அதை அப்படியே நகைக் கடனில் கட்டினேன். மிச்சத்துக்கு என் சம்பளப் பங்கை மட்டும் கட்டிக்கொண்டிருந்தேன். மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு, அதிலும் வட்டி போக மிச்சம்தான் அசலில் குறைந்தது. பில் பங்கு பில்லுக்கே போனது. கடையில் அந்த வருஷம் போனஸ் இல்லை, ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள். ஆவணியில் ஒருநாள் மனைவி ஏசியைப் போடவில்லை. ஏன் என்றேன். "குளிருது" என்றாள். நெற்றியிலும் மேலுதட்டிலும் வேர்த்திருந்தது. அதன் பிறகு அதைப் போடவில்லை. பில் குறைந்தது, கொஞ்சம்.

அந்தப் புதன்கிழமைக்கு முதல் நாள் அக்கா போன் செய்தாள். பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று, சங்கிலி விஷயமாக நேரில் பேச வேண்டும், மனைவியையும் இருக்கச் சொல் என்றாள். மெக்கானிக்கும் அன்றைக்குப் பக்கத்துத் தெருவில் வேலை இருக்கிறது, உச்சி வெயிலில் ஒருதடவை பார்த்துவிடுகிறேன் என்றிருந்தான். வார நாளில் அவன் வருவது அதுதான் முதல் தடவை. சாவி என்னிடம். நான் குடோனிலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தபோது மற்ற நால்வரும் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

"வாடா, வெயில் வியாபாரி" என்றாள் அக்கா. "உன் சரக்குல நின்னு மண்டை வெந்துபோச்சு."

கதவைத் திறந்தேன். வழக்கம்போல உள்ளே கையை விட்டு, மெயின் கைப்பிடியை மேலே தள்ளினேன். டக். கூடத்து ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. "வாங்க, உள்ள வாங்க" என்றேன்.

மெக்கானிக் மட்டும் வரவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, இப்ப இன்னா பண்ணீங்க?"

"மெயினைப் போட்டேன்."

"எப்ப அணைச்சீங்க?"

"காலைல. வேலைக்குப் போறப்ப."

"டெய்லியுமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவன் பையைக் கீழே வைத்துவிட்டான். "பெட்டியைப் பாருங்க" என்றான். சாம்பல் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து மினுக்கியது. எல்லோரும் அதைப் பார்த்தபடி நின்றோம். ஆட்டோ டிரைவரும் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் சிவப்பு போய்ப் பச்சை வந்தது.

"இப்பத்தாண்ணா எந்திரிக்குது" என்றான் மெக்கானிக். "மெயினை அணைச்சா அதுக்குக் கரண்டு போன மாதிரிதான். அதுவும் அணைஞ்சிடும். நான் அன்னிக்கே சொன்னேனே."

"கரண்டு போனான்னு சொன்ன" என்றேன்.

"அதாண்ணா இது."

அக்காவுக்குப் புரியவில்லை. "இன்னாடா சொல்றான் இந்தப் புள்ள?" என்றாள். மெக்கானிக் அவளுக்கு விளக்கினான். காலையில் அண்ணன் மெயினை அணைக்கிறார், மாடியும் நின்றுவிடுகிறது, சாயங்காலம் வந்து போடுகிறார், அப்போது வெயில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருக்கிறார்கள், அன்றைக்கு மட்டும் ஓடுகிறது. தான் வந்து பார்த்த இரண்டு தடவையும் ஞாயிற்றுக்கிழமை. அவன் குரலில் குற்றம் சொல்கிற மாதிரி ஒன்றும் இல்லை. தனக்கும் இதில் பங்கு உண்டு என்று அவனுக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன், காதைத் தடவிக்கொண்டே பேசினான்.

"நமக்கெல்லாம் வாரத்துல ஒரு நாள் லீவு" என்றார் ஆட்டோ டிரைவர். "அய்யா மாடிக்கு ஆறு நாள் லீவு. நல்ல கம்பெனிதான்."

அக்கா சிரித்தாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வர வேண்டும் என்று தோன்றியது, வரவில்லை. அழுகையும் வரவில்லை. என் கை இன்னும் மெயின் கைப்பிடி மேலேயே இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று நினைத்தேன், எடுக்கவில்லை. மனைவி வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

"தெனம் நானும்தானே பார்த்துட்டு இருந்தேன்" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

ஆட்டோவுக்கு எதிர் வீட்டில் சில்லறை வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். மெக்கானிக் விசிட்டுக்கு வாங்க வேண்டிய காசை வேண்டாம் என்றான். நான் கட்டாயப்படுத்தினேன், வாங்கிக்கொண்டு போனான். மூன்று பேர் மிஞ்சினோம். அக்கா தண்ணீர் குடித்தாள். சிரித்தது எல்லாம் முகத்திலிருந்து போய்விட்டிருந்தது.

"சரி. தையில கடன் எவ்ளோ நிக்கும்?"

"நாப்பத்தாறாயிரம்" என்றேன். ஏற்கெனவே போட்டு வைத்திருந்த கணக்கு.

"நாப்பத்தாறு" என்று அக்காவும் சொன்னாள். பிறகு ஃபேனைப் பார்த்தாள். "அவ்ளோ துட்டு உன்னால பொரட்ட முடியாது."

"முடியாது."

"உன் ஆபீஸ்ல கேளேன்."

"குடோன்கா அது. அங்க யாரும் குடுக்க மாட்டாங்க."

"அண்ணி, என் கம்மலு இருக்கு" என்றாள் மனைவி.

"ஒரு கிராம் வருமா அது? காதுலயே இருக்கட்டும், நீ சும்மா இரு." அக்கா எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "தீப்புடிச்சிடும் தீப்புடிச்சிடும்னு பயந்துட்டே இருந்த. பிடிக்கல பாரு. நல்லாத்தான் காப்பாத்திட்ட."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை மெயினை அணைக்காமல் கிளம்ப வேண்டும். சிலிண்டர், தாழ்ப்பாள், குழாய் ஆயிற்று. கைப்பிடிக்கு முன்னால் நின்றுகொண்டேயிருந்தேன். மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்திருந்த வெள்ளை பிளாஸ்திரிச் சுருளை எடுத்து, மேலே தள்ளிய கைப்பிடியைப் பெட்டியோடு சேர்த்து நாலு சுற்று ஒட்டினாள். காயத்துக்குக் கட்டுப்போடுவது போல ஒழுங்காக ஒட்டினாள். கதவைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "இனிமே என்கிட்டத்தான் இருக்கும்" என்றாள். அன்றைக்குக் குடோனில் ஃபயர் வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் வெளியே வந்து பார்த்தேன். நிஜமாக ஒரு தடவைதான் வண்டி போனது. மற்றதெல்லாம் எனக்குக் கேட்டது மட்டும்தான்.

வீடு எரியவில்லை. கார்த்திகை, மார்கழி மழை மாதம், அப்படியும் பில் முந்நூறுக்குள் வந்தது. அந்த இரண்டு மாதத்தில் மிச்சமானது ஏசித் தவணையின் பாக்கிக்குப் போய்விட்டது. தை பிறந்தது. அக்காவே பேங்குக்கு வந்து நாற்பத்தாறாயிரத்தைக் கட்டி, சங்கிலியை மீட்டுக்கொண்டு போனாள். கையெழுத்துப் போட நான் போயிருந்தேன். சங்கிலியை எடைபோட்டுக் கொடுத்தார்கள். அக்கா அதை எண்ணெய்க் கறை படிந்த ஒரு சின்னப் பர்சில் வைத்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அந்த நாற்பத்தாறு, சீர் வரிசையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் என்று அவள் எடுத்துவைத்திருந்த காசு.

கல்யாணம் அரியாங்குப்பத்திலேயே நடந்தது. பெண் கழுத்தில் சங்கிலி இருந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது. மண்டபத்து வாசலில் சீர் அடுக்கியிருந்த இடத்தில் பாத்திரங்கள், மிக்சி, குத்துவிளக்கு இருந்தன. மாப்பிள்ளையின் அம்மா அவற்றைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "பீரோ பின்னால வருதா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. "ஆர்டர் குடுத்திருக்கு, வந்துடும்" என்றாள் அக்கா. என் பக்கம் அவள் திரும்பவில்லை. நான் பந்தியில் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன்.

இப்போதும் காலையில் பேனலைத் துடைக்கிறேன், வாரத்துக்கு ஒரு தடவை. பில் ஏறக்குறைய வருவதில்லை. ஏசி ஓடுகிறது, அவள் தூங்குகிறாள். பிளாஸ்திரி அழுக்காகிவிட்டது, இரண்டு தடவை மாற்றி ஒட்டியிருக்கிறாள். கிளம்பும்போது அதைத் தொட்டுப் பார்க்கிறேன். எனக்கு அதில் சந்தோஷமும் இல்லை, பயமும் முன்பு போல இல்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தொடுவது போல, கை போகிறது, வருகிறது.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் பெண் வந்திருந்தாள். முழுகாமல் இருக்கிறாள். கழுத்தில் சங்கிலி இருந்தது. "மாமா, உங்க மாடி வேல செய்யுதா?" என்று சிரித்தாள். செய்கிறது என்றேன். புடவையெல்லாம் எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது. "சூட்கேஸ்ல" என்றாள். "கட்டில மாமியாரே வாங்கிப் போட்டுட்டாங்க. பீரோவை மட்டும் தெனம் ஒரு தடவ கேப்பாங்க. பழகிடுச்சு."

அக்கா உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றுகிற சத்தம் கொஞ்சம் நின்று, மறுபடி தொடர்ந்தது. கொண்டுபோயிருந்த காசை அவள் கையில் கொடுத்தேன். எண்ணாமல் வாங்கி, அரிசி டப்பாவில் போட்டாள். "முடியறப்ப குடு" என்றாள். பெண்ணுக்குக் குழந்தை பிறப்பதற்குள் பீரோவாவது போய்ச் சேர வேண்டும் என்று எனக்கு. அவளிடம் அதைச் சொல்லவில்லை, போனதடவை தைக்குள் என்று சொன்னவன் நான்தான்.

மாசியில் இரண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். பங்குனியிலும் சித்திரையிலும் அதே. வைகாசியில் இரண்டாயிரம்தான் முடிந்தது. மிச்சம் முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.